சுற்றிலும் ஏரி, குடிக்க பாட்டில் தண்ணீர்: கனடாவின் கெனோராவில் யார் முடிவெடுக்கிறார்கள்?

கனடாவின் அணுமின் நிலையங்களில் பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடக்கும் அணுக்கழிவை எங்கே புதைப்பது? இந்தக் கேள்விக்கு 2024 நவம்பர் 28 அன்று ஒரு பதில் வந்தது. ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் இக்னேஸ், டிரைடன் என்ற இரண்டு சிறிய ஊர்களுக்கு நடுவே இருக்கும் காட்டுப் பகுதியைத் தேர்வு செய்திருப்பதாக, அந்நாட்டின் அணுக்கழிவு மேலாண்மை அமைப்பு அறிவித்தது.

“அங்க யாரு இருக்கா? வெறும் காடும் ஏரியும்தானே?” வரைபடத்தைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் இதுதான். கெனோரா மாவட்டத்தைப் பற்றி 100 ஆண்டுகளுக்கும் மேலாக வெளியில் இருந்தவர்கள் நினைத்ததும் இதையேதான். அந்த நினைப்பில் எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு அங்கே வாழ்பவர்கள் இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் அணுக்கழிவு விவாதத்துக்குள் போகும் முன், இந்த மாவட்டத்தின் நிலத்தையும் நீரையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது அவசியம்.

எவ்வளவு பெரிய மாவட்டம்?

கெனோராவின் பரப்பளவு சுமார் 4,07,000 சதுர கி.மீ. ஜெர்மனி என்ற நாட்டை விடவும் இது பெரியது. ஒன்டாரியோ மாகாணத்தின் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். ஆனால், 2021 கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் சுமார் 66,000 பேர்தான். ஒரு ஆளுக்கு ஆறு சதுர கி.மீ. இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாகாணத் தலைநகரான டொராண்டோவிலிருந்து கெனோரா நகருக்குக் காரில் போக சுமார் 1,900 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். இரண்டு ஊருக்கும் கடிகாரத்திலேயே ஒரு மணி நேரம் வித்தியாசம். பக்கத்து மாகாணமான மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக் இருப்பதோ வெறும் 200 கி.மீ. தொலைவில். ஆக, ஆட்சி செய்யும் ஊர் தூரத்தில். தண்ணீர் தேவைப்படும் ஊர் பக்கத்தில். இந்த மாவட்டத்தின் கதையில் பாதி இந்தத் தூரக் கணக்கிலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம். நம்மூர் அர்த்தத்தில் இதை ‘மாவட்டம்’ என்று சொல்ல முடியாது. கெனோராவுக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஆட்சி மன்றம் கிடையாது. நகரங்களுக்குத் தனித்தனி மன்றங்கள் உண்டு. பூர்வகுடிச் சமூகங்களுக்குத் தனித் தலைமை உண்டு. மிச்சமுள்ள பெரும் பரப்பை மாகாண அரசே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. ஒரு ஆறு முழுவதுக்கும் சேர்த்துப் பேச ஒரு அவை இல்லை.

இத்தனை ஏரிகள் எப்படி வந்தன?

மாவட்டத்தின் அடித்தளம் ‘கனடியன் ஷீல்டு’ எனப்படும் பழம்பாறை. 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான கிரானைட்டும் அதன் உறவுப் பாறைகளும் இங்கே தரைக்கு மிக அருகில் கிடக்கின்றன. கடைசிப் பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட பனிப்படலம் இதன் மேல் நகர்ந்து, மண்ணைச் சுரண்டி, பாறையில் பள்ளங்களைக் குடைந்துவிட்டது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி பின்வாங்கியபோது, அந்தப் பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் தேங்கியது.

பாறை தண்ணீரைக் கீழே இறங்க விடாது. மேலே மண்ணும் மெல்லியதுதான். அதனால் ஒரு ஏரி நிரம்பி அடுத்ததில் வழிகிறது, அது இன்னொன்றில் வழிகிறது. இங்கே ஆறு என்பது பல இடங்களில் ஏரிகளைக் கோத்த சரம்தான். மாவட்டத்தின் தென்மேற்கில், மனிடோபாவும் அமெரிக்காவின் மின்னசோட்டாவும் பங்குபோடும் ‘லேக் ஆஃப் தி வுட்ஸ்’ ஏரியில் மட்டும் 14,500-க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன.

கரையெல்லாம் ஸ்ப்ரூஸ், பைன், பிர்ச் மரக் காடு. ஏரியில் வால்ஐ, பைக் மீன்கள். ஆழமில்லாத ஓரங்களில் ‘மனோமின்’ எனப்படும் காட்டரிசி. அனிஷினாபே மக்கள் பல தலைமுறைகளாகப் படகில் போய் அறுவடை செய்யும் தானியம் அது. மீனும் மனோமினும் இவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் இல்லை. அன்றாடச் சாப்பாடே அதுதான்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

இந்தக் கட்டுரையில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு பாதையைத்தான். வாபிகூன் ஆறு இக்னேஸ் பக்கம் தொடங்கி மேற்கே ஓடி டிரைடனைக் கடக்கிறது. பிறகு இங்கிலீஷ் ஆற்றில் கலக்கிறது. இங்கிலீஷ் ஆறு மனிடோபா எல்லைக்கு அருகே வின்னிபெக் ஆற்றில் சேர்கிறது. அங்கிருந்து வின்னிபெக் ஏரி, நெல்சன் ஆறு, கடைசியில் ஹட்சன் விரிகுடா.

அதாவது, டிரைடனில் ஆற்றில் விழும் எதுவும் டிரைடனோடு நிற்காது. வழியில் கிராஸி நேரோஸ், வாபசீமூங் போன்ற பூர்வகுடி ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

இந்த நிலத்தின் தென்பகுதிக்கு 1873-ல் ‘உடன்படிக்கை 3’ கையெழுத்தானது. கனடா அரசுக்கும் அனிஷினாபே தலைவர்களுக்கும் இடையே, லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியின் நார்த்வெஸ்ட் ஆங்கிள் முனையில் நடந்த ஒப்பந்தம் அது. வேட்டையாடும் உரிமையும் மீன்பிடிக்கும் உரிமையும் தொடரும் என்பது அதில் இருந்த முக்கிய வாக்குறுதிகளில் ஒன்று. மீன்பிடி உரிமை மட்டும் இருந்து, மீன் சாப்பிட முடியாமல் போனால்? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

முதல் கதை: நகரத்துக்குக் குழாய், கிராமத்துக்கு எச்சரிக்கை

வின்னிபெக் நகரம் குடிக்கும் தண்ணீர், ஒன்டாரியோ–மனிடோபா எல்லையில் உள்ள ஷோல் ஏரியிலிருந்து வருகிறது. சுமார் 155 கி.மீ. நீளக் கால்வாய்க் குழாய், 1919 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. பம்ப் வைத்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லாமல், நிலச் சரிவை வைத்தே தண்ணீர் நகரத்துக்குப் போகிறது. பொறியியல் பாடப் புத்தகத்தில் வைக்கத் தகுந்த வேலை.

அதே ஏரிக்கரையில் ‘ஷோல் லேக் 40’ என்ற பூர்வகுடி ஊர் இருக்கிறது. குழாய்த் திட்டத்துக்காக அவர்களுடைய நிலத்தில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. நகரத்துக்குப் போகும் தண்ணீரில் பழுப்பு நிற ஆற்றுநீர் கலக்காமல் இருக்க ஒரு கால்வாயும் வெட்டப்பட்டது. அந்தக் கால்வாய் ஊரை மற்ற நிலத்திலிருந்து துண்டித்து, செயற்கைத் தீவாக்கிவிட்டது. வெயில் காலத்தில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நடை. பனி சரியாக உறையாத வாரங்களில் எதற்கும் வழியில்லை.

இந்த ஊரில் 1997 முதல் ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ என்ற எச்சரிக்கை அமலில் இருந்தது. சாலை இல்லாததால் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் செலவு கூடுதல். செலவு கூடுதல் என்பதால் நிலையம் இல்லை. நகரம் குழாயைத் திறந்து குடித்த அதே ஏரி நீரின் கரையில் இருந்தவர்கள் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

‘ஃப்ரீடம் ரோடு’ என்று அவர்களே பெயர் வைத்த 24 கி.மீ. சாலை 2019-ல் திறக்கப்பட்டது. 2021-ல் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. தீர்க்க முடியாத பிரச்சினை என்று ஒன்றும் இல்லை. சாலை போட்ட இரண்டே ஆண்டில் தீர்ந்தது. அந்தச் சாலைக்குத்தான் நூறு ஆண்டுகள் ஆயின.

மாவட்டத்தின் வடக்கே, விமானத்தில் மட்டுமே போகக்கூடிய நெஸ்கன்டாகா என்ற ஊர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அங்கே 1995 பிப்ரவரியில் போடப்பட்ட அதே மாதிரியான எச்சரிக்கை, 2025-ல் 30 ஆண்டுகளைத் தொட்டது. கனடாவிலேயே மிக நீண்ட எச்சரிக்கை இதுதான். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பது என்றால் என்னவென்றே தெரியாது.

இரண்டாவது கதை: மின்சாரம் அங்கே, வெள்ளம் இங்கே

இங்கிலீஷ் ஆற்றில், இயர் ஃபால்ஸ் என்ற இடத்தில் 1929-ல் அணை கட்டப்பட்டது. அதனால் லாக் சூல் ஏரியின் நீர்மட்டம் சுமார் மூன்று மீட்டர் உயர்ந்தது. கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால், தட்டையான ஏரிக்கரை நாட்டில் மூன்று மீட்டர் என்பது ஊரையே விழுங்கும் உயரம். லாக் சூல் பூர்வகுடி மக்களின் வீடுகளும் தோட்டங்களும் கல்லறைகளும் தண்ணீருக்குள் போயின. கெஜிக் பே என்ற அவர்களுடைய குடியிருப்பு தீவாக மாறியது. கரையுடன் அதை மறுபடி இணைக்கும் பாதை 2009-ல்தான் வந்தது.

மனோமின் ஆழமில்லாத நீரில் மட்டுமே வளரும். நீர்மட்டம் உயர்ந்தால் அதன் கதை முடிந்தது. மின்சாரம் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் போனது. அரிசியை இழந்தவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சம்மதம் கேட்கவில்லை.

மூன்றாவது கதை: ஆற்றில் பாதரசம்

இதுதான் மிகக் கசப்பானது. டிரைடனில் காகித ஆலையுடன் ஒரு வேதி ஆலையும் இயங்கியது. காகிதக் கூழை வெளுக்கத் தேவையான குளோரின், காஸ்டிக் சோடா தயாரிக்க அங்கே பாதரசம் பயன்படுத்தப்பட்டது. 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது.

பாதரசம் கனமானதாச்சே, அடியில் படிந்து கிடக்கும்தானே? பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஆற்றடிச் சேற்றில் உள்ள பாக்டீரியாக்கள் அதை ‘மெத்தில் பாதரசம்’ என்ற கொடிய வடிவத்துக்கு மாற்றுகின்றன. நுண்ணுயிரிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கு, அதிலிருந்து பெரிய மீனுக்கு என ஒவ்வொரு படியிலும் அதன் அடர்வு கூடுகிறது. உச்சியில் இருப்பது வால்ஐ மீன். அதற்கும் மேலே, அதைச் சாப்பிடும் மனிதர்.

டிரைடனுக்குக் கீழே சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கும் கிராஸி நேரோஸ் மக்களுக்கு மீன்தான் உணவு, மீன்தான் வருமானம். மீன்பிடிச் சுற்றுலாவில் வழிகாட்டிகளாக வேலை பார்த்தவர்கள் பலர். 1970-ல் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டதும் வேலையும் சாப்பாடும் ஒரே நேரத்தில் போயின. கை கால் நடுக்கம், பார்வை சுருங்குதல், உணர்வு மரத்துப்போதல் என அறிகுறிகள் தொடர்ந்தன. ஜப்பானில் மினமாட்டா நோயை ஆராய்ந்த மருத்துவர் மசசூமி ஹராடா 1975-ல் இங்கே வந்து பரிசோதித்தார். அதன் பிறகும் பல ஆண்டுகளில் திரும்பி வந்தார். மினமாட்டாவில் பார்த்த அறிகுறிகளை அவர் இங்கேயும் கண்டார்.

இழப்பீட்டு உடன்பாடு 1980-களின் நடுவில் வந்தது. ஆற்றைச் சுத்தம் செய்ய ஒன்டாரியோ அரசு 8.5 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது 2017-ல். விஷம் கலந்து 50 ஆண்டுகளுக்குப் பிறகு! 2024-ல் வந்த வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு செய்தியைச் சொன்னது: ஆலையிலிருந்து இப்போதும் வரும் கழிவுநீரில் உள்ள சல்பேட், ஆற்றில் மெத்தில் பாதரசம் உருவாவதை அதிகப்படுத்துகிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் கிராஸி நேரோஸ் சமூகம் கனடா, ஒன்டாரியோ அரசுகள் மீது வழக்குத் தொடுத்தது.

ஏரிகளே ஆய்வகம்

இந்த மாவட்டத்தில் நல்ல உதாரணம் ஒன்றும் இருக்கிறது. கெனோராவுக்குக் கிழக்கே, 58 சின்ன ஏரிகளை அறிவியலுக்காகவே ஒதுக்கிய ‘எக்ஸ்பெரிமென்டல் லேக்ஸ் ஏரியா’ 1968 முதல் இயங்குகிறது. குடுவைக்குள் செய்யும் சோதனையை இங்கே முழு ஏரியில் செய்து பார்க்கிறார்கள்.

1973-ல், 226 என்ற எண் கொண்ட ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் நைட்ரஜனும் கார்பனும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் மட்டும் பச்சைப் பசேல் என்று பாசி படர்ந்தது. விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லர் குழு வானிலிருந்து எடுத்த அந்தப் படம், சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்கு வலுவான சாட்சியானது.

இங்கேயே இன்னொரு ஏரியில் பாதரசத்தை அளந்து சேர்த்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய சில ஆண்டுகளிலேயே மீன்களில் அதன் அளவு குறைந்தது என்ற முடிவு 2021-ல் வெளியானது. சேற்றில் டன் கணக்கில் பாதரசம் புதைந்த வாபிகூன் ஆற்றுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால், வரத்தை நிறுத்தினால் நீர் தேறும் என்பது உறுதியானது. இப்படிப்பட்ட ஆய்வகத்துக்கே 2012-ல் மத்திய அரசு நிதியை நிறுத்துவதாக அறிவித்து, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2014-ல் வேறு அமைப்பின் கைக்கு மாறியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சரி, அணுக்கழிவு விஷயத்துக்கு வருவோம்

திட்டம் இதுதான். பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளைச் செம்பு பூசிய கலங்களில் அடைத்து, பெண்டோனைட் களிமண்ணால் சூழ்ந்து, 650 மீட்டருக்கும் கீழே பாறைக்குள் வைப்பது. எந்தப் பழம்பாறை ஏரிகளைத் தாங்கி நிற்கிறதோ, அதே பாறைதான் இதற்கும் தகுதி என்கிறார்கள்.

திட்டத்துக்கு ஆதரவான வாதங்களை ஒதுக்கித் தள்ள முடியாது. கழிவு ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பகுதி இன்று ஒன்டாரியோ, ஹூரான் ஆகிய பேரேரிகளின் கரையிலுள்ள அணுமின் நிலையங்களிலேயே தரைமட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை அடுத்த தலைமுறை தலையில் கட்டுவது பொறுப்பான செயல் அல்ல. ஷீல்டு பாறை நிலையானது. இக்னேஸ் ஊர் மன்றம் 2024 ஜூலையில் சம்மதம் சொன்னது. வேலைவாய்ப்பு குறைந்த ஊருக்கு இது பெரிய வாய்ப்பு. அதே ஆண்டு நவம்பரில், வாபிகூன் லேக் ஓஜிப்வே சமூகமும் வாக்கெடுப்பு நடத்தி, அடுத்த கட்ட ஆய்வுக்கு ஒப்புக்கொண்டது. பூர்வகுடிகளின் சம்மதத்தைக் கேட்டு நடந்திருக்கிறது என்பது 1919-ஐயும் 1929-ஐயும் பார்க்க உண்மையான முன்னேற்றம். அந்தச் சமூகத்தின் முடிவை வெளியில் இருப்பவர்கள் கேலி செய்ய எந்த உரிமையும் இல்லை.

ஆனால், தண்ணீரின் பாதையை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுத்த இடம் வாபிகூன், ரெய்னி ஆற்றமைப்புகளின் மேல்பகுதியில் இருக்கிறது என்பதுதான் எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதம். கீழே இருக்கும் கிராஸி நேரோஸ் இதை எதிர்க்கிறது. தங்களையும் கேட்டிருக்க வேண்டும் என்று ஈகிள் லேக் என்ற பூர்வகுடிச் சமூகம் நீதிமன்றம் போனது. ‘அக்கம்பக்கம்’ என்பதைச் சாலைத் தூரத்தை வைத்து அளப்பதா, ஆற்றின் ஓட்டத்தை வைத்து அளப்பதா என்பதே இந்தச் சண்டையின் சாரம்.

ஆறு ஓடும் நாட்டில் பதில் தெளிவு. கீழே இருப்பவரும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, திட்டத்துக்கான ஒழுங்குமுறை ஆய்வு பல ஆண்டுகள் நடக்கப்போகிறது. அதில் ஆற்றின் கீழ்ப்பகுதிச் சமூகங்களுக்குக் கருத்துச் சொல்லும் இடம் மட்டும் போதாது. முடிவை மாற்றக்கூடிய முறையான இடம் வேண்டும். சம்மதம் கேட்கும் வட்டத்தை நீர்ப்பிடிப்புப் பகுதியை வைத்து வரைய வேண்டும்.

இரண்டாவதாக, பழைய கணக்கை முதலில் முடிக்க வேண்டும். “பாறை பாதுகாப்பானது, நம்புங்கள்” என்று சொல்லும் அரசு அமைப்புகள், 1970-ல் நின்றுபோன பாதரசத்தை இன்னும் ஆற்றிலிருந்து எடுக்கவில்லை. நம்பிக்கை விளம்பரத்தில் வராது. வாபிகூன் சேறு சுத்தமாகி, கிராஸி நேரோஸ் குழந்தை ஒன்று வால்ஐ மீனைப் பயமில்லாமல் சாப்பிடும் நாளில்தான் வரும். நெஸ்கன்டாகாவின் குழாய்க்கும் இதே கணக்குதான்.

மூன்றாவதாக, கண்காணிப்பு திட்டத்தை நடத்துபவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது. முழு ஏரியையே ஆய்வகமாக்கிய அறிவியல் மரபு இதே மாவட்டத்தில் இருக்கிறது. நிதி வெட்டுக்குப் பயப்படாத, உள்ளூர் மக்களும் பங்கேற்கும் நீர்க் கண்காணிப்பு, தோண்டுவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்ற அளவீடு இல்லாவிட்டால், பின்னால் என்ன மாறியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கிராஸி நேரோஸ் மக்கள் தங்கள் நோயை நிரூபிக்கவே பல பத்தாண்டுகள் போராடியதை மறக்கக்கூடாது.

இது கெனோராக்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. ஒன்டாரியோவின் மின்சாரத்தில் சுமார் பாதி அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் வீடுகளில், அங்கே வாழும் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் உட்பட, எரியும் விளக்குக்கு அதில் பங்கு உண்டு. அந்த விளக்கின் மிச்சம்தான் 1,500 கி.மீ.க்கும் மேல் பயணம் செய்து இக்னேஸ் காட்டுக்குப் போகப்போகிறது. வெளிச்சத்தை அனுபவிப்பவர்களுக்கு, அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் கடமையும் இருக்கிறது.